கடல் நீரோட்டமும் கார் நிறுத்தும் இடமும்

எங்கள் குடியிருப்பின் முன்னால், தெருவை ஒட்டிய சிமென்ட் தளத்தின் மேல், மஞ்சள் பெயின்ட்டில் 'தங்கராஜ் சார்' என்று எழுதியிருக்கிறது. அது கார் நிறுத்தும் இடம். வரிசையில் முதல் இடம். தங்கராஜ் சாரிடம் கார் கிடையாது. பழைய ஸ்கூட்டர் ஒன்று உண்டு, அதையும் அவர் அங்கே நிறுத்துவதில்லை. அந்தப் பெயர் எப்படி அங்கே வந்தது என்று யாராவது கேட்டால், எங்கள் சங்கச் செயலாளர் ராகவன் மார்பில் கைவைத்து, ஓர் ஆசிரியருக்கு நாங்கள் செய்த மரியாதை என்பார். மரியாதையாம். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் தங்கராஜும் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரே தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறோம். அவர் புவியியல், நான் தமிழ். பருத்திப்பட்டில் ஒரே குடியிருப்பு. அவருக்கு இரண்டாம் மாடியில் சொந்த வீடு, எனக்கு மூன்றாம் மாடியில் வாடகை வீடு. தினமும் அவருடைய வண்டியின் பின்சீட்டில்தான் பள்ளிக்குப் போகிறேன். பூந்தமல்லி சாலைப் புழுதியில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பல வருஷம் ஓடிவிட்டது. அந்த முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். யார் எதை ஏற்றினாலும் சுமக்கிற முதுகு.

'முடியாது' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆண்டு விழாவென்றால் மேடைக்குத் துணி கட்டுவது அவர். விளையாட்டு விழாவென்றால் வெயிலில் கயிறு பிடித்துக்கொண்டு நிற்பது அவர். பெற்றோர் கூட்டத்தில் நாற்காலி தூக்கிப் போடுவதும் அவர்தான். இதெல்லாம்கூடப் போகட்டும். தேர்வு நெருங்கினால் கணக்கு வாத்தியார் ஆசிரியர் அறைக்கு வந்து, "சார், இன்னைக்கு ஒங்க பீரியட எடுத்துக்கறேன்" என்பார். கேட்கும் தொனியெல்லாம் கிடையாது, தகவல் சொல்லும் தொனி. தங்கராஜ் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். எங்கள் பள்ளியில் புவியியல் என்பது மற்றப் பாடங்கள் வந்து கை துடைத்துக்கொள்ளும் துண்டு.

ஒரே ஒரு பாடத்தை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒன்பதாம் வகுப்பில் வரும் கடல் நீரோட்டங்கள். அவர் ஊர் உடன்குடிக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்து வளர்ந்தவர். அந்தப் பாடம் வரும் வாரத்தில் சிவப்பு, நீலச் சாக்பீஸ்களைத் தன் காசில் வாங்கி வருவார். கரும்பலகை முழுக்க உலக வரைபடம் போட்டு, சூடான நீரோட்டத்துக்குச் சிவப்பும் குளிர்ந்ததற்கு நீலமுமாக அம்புகள் வரைவார். பிள்ளைகள் பின்வரிசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் அதைப் பார்க்காத மாதிரி, பலகையைப் பார்த்தே பாடம் நடத்துவார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான். அவர் சொல்வதை முழுதாகக் கேட்ட ஆள் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். அவர் மனைவி ராஜகுமாரிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்காரத்தான் அவருக்கு நேரம் இருக்கும், அட்லான்டிக் கடலைப் பற்றிக் கேட்க நேரம் ஏது?

இனி பொன்னம்மாளைச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்புக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு கால்வாய் ஓடியது. மேட்டுத் தெருக்களின் மழைத் தண்ணீரையெல்லாம் வாங்கி ஏரிப் பக்கம் கொண்டுபோகும் கால்வாய். தண்ணீர் வந்து சேரும் அதன் மேல்பக்கத்தில், ஒரு பள்ளத்தில், பொன்னம்மாளின் ஊடும் மாட்டுக் கொட்டகையும். 'ஊடு' என்பது அவள் வாய்ச்சொல், எனக்கும் தொற்றிக்கொண்டது. எங்கள் குடியிருப்பு நிற்கும் நிலம் அவர்கள் விற்றதுதான். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. விற்ற காசில் மகளைப் பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்தாள், மகன் மோகனுக்கு லோடு வண்டி எடுத்துக்கொடுத்தாள். தனக்கென்று வைத்துக்கொண்டது மூன்று பசுமாடுகளும் ஒரு கிடாரிக் கன்றும்தான். எங்கள் வீடுகளில் பாதிக்கு அவள் பால்தான். காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, கதவைத் தட்டாமல், பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஊற்றுவாள். தங்கராஜை மட்டும் 'சார்' என்பாள். சாரென்றும் சொல்வாள், நீ வா போ என்றும் சொல்வாள். அதுதான் இந்தப் பக்கத்து வழக்கம்.

எங்கள் குடியிருப்பில் ஆளாளுக்கு இரண்டாவது கார் வாங்கிவிட்டார்கள். கட்டடத்துக்கு அடியில் வீட்டுக்கு ஒரு கார்தான் நிறுத்தலாம். மீதி தெருவில் நின்றது, தினம் ஒரு சண்டை. அப்போதுதான் ராகவனுக்கு அந்தக் கால்வாயின் அகலம் கண்ணில் பட்டது. சரியாக ஒரு காரின் நீளம். மேலே தளம் போட்டு மூடினால் வரிசையாக நிறுத்திக்கொள்ளலாம். ராகவன் ஐடி கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர், வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்க ஜன்னல் வழியாகக் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஆனால் இரண்டு வருஷமாக அந்த யோசனை ஏறவில்லை. காரணம், இருபத்துமூன்றாம் வருஷத்துப் புயல். அந்த டிசம்பரில் காரெல்லாம் தண்ணீரில் மிதந்ததைப் பார்த்தவர்கள், கால்வாய் என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ராகவனுக்கு இன்னொரு யோசனையும் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும், குடியிருப்பில் உள்ள ஒருவர் தமக்குத் தெரிந்ததைப் பேச வேண்டும். 'அறிவு ஞாயிறு' என்று பெயர். முதல் மாதம் ஒருவர் பங்குச் சந்தை பற்றிப் பேசினார். அடுத்த மாதம் ஒரு டாக்டர் சர்க்கரை வியாதி பற்றிப் பேசினார். கேட்டுவிட்டு எல்லாரும் ஜாங்கிரி சாப்பிட்டார்கள். மே மாதத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த வாரம் பேப்பரில் அட்லான்டிக் நீரோட்டம் பலவீனமாகிறது என்று செய்தி வந்திருந்தது. "சார், இது ஒங்க சப்ஜெக்ட் இல்ல?" என்று ராகவன் படிக்கட்டில் வைத்துக் கேட்டார். தங்கராஜ் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை என்று ராஜகுமாரி சொன்னார். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

வாடகைக்காரர்களுக்கு எங்கள் சங்கத்தில் ஓட்டு கிடையாது, சமோசா மட்டும் உண்டு. அதனால் நானும் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். தங்கராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். முதல் மாடி வீட்டில் மீன் செத்துப்போய்ச் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியைக் கேட்டு வாங்கி மேஜைமேல் வைத்திருந்தார். அதில் நல்ல தண்ணீர். பேனா மை கலந்து உறையவைத்த பனிக்கட்டிகளை ஒரு ஓரத்தில் போட்டார். கட்டி கரையக் கரைய, குளிர்ந்த நீலத் தண்ணீர் கீழே இறங்கி, தொட்டியின் அடியில் அந்தக் கடைசிவரை ஊர்ந்து போயிற்று. பிறகு தொட்டியைக் கொட்டிவிட்டு உப்புத் தண்ணீர் நிரப்பி, மறுபடியும் பனிக்கட்டி போட்டார். இந்தத் தடவை நீலம் கீழே இறங்கவில்லை. உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மூடி மாதிரி படர்ந்து அப்படியே நின்றுவிட்டது.

அதை வைத்து அவர் விளக்கினார். வெப்பமான பகுதியிலிருந்து சூடான உப்புத் தண்ணீர் அட்லான்டிக்கின் மேல்பரப்பில் வடக்கே போகிறது. கிரீன்லாந்துப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் குளிர்ந்து, கனத்து, ஆழத்தில் மூழ்கி, அடியிலேயே தெற்குக்குத் திரும்புகிறது. அது மூழ்குவதால்தான் பின்னால் இருக்கும் தண்ணீர் இழுபட்டு வருகிறது. இப்போது பூமி சூடாகிப் பனிப்பாறைகள் உருகுகின்றன. உருகிய நல்ல தண்ணீர் லேசானது, மூழ்காது, மேலேயே மூடி போடும். மூடி கனத்தால் ஓட்டம் மெதுவாகும், ஒருநாள் நின்றும் போகலாம். நின்றால் ஐரோப்பா குளிரில் விறைக்கும். பூமத்திய ரேகைப் பக்கம் உள்ள மழைப் பட்டை தெற்கே நகரும். இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை குறையலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கடல் ஏறும். ஐஸ்லாந்துக்குப் பக்கத்தில் நடப்பது கேரளத்து வயலில் தெரியும் என்றார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. வீடியோ எடுத்த ராகவனைத் தவிர ஒருவர்கூடப் போனைத் தொடவில்லை. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

கடைசியில் அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அதனால் சொல்கிறேன். "இது எப்போ நடக்கும்னு விஞ்ஞானிங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. இந்த நூற்றாண்டுல நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நம்ம ஊருக்கு வர்றது வடகிழக்குப் பருவமழை, அது என்னாகும்னு இன்னும் தெளிவா தெரியாது. ஆனா வங்காள விரிகுடா சூடாயிட்டு இருக்கு. பெய்யுற மழை இனிமே கொட்டித்தான் பெய்யும்." இதைச் சொல்லும்போது சமோசா வந்துவிட்டது. காகிதத் தட்டுகள் சரசரத்தன, நாற்காலிகள் நகர்ந்தன. அதற்குப் பிறகு கைதட்டினார்கள். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். தங்கராஜ் நெஞ்சில் கைகூப்பி நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ராகவன் எடுத்தது. நீளமான பேச்சில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். நீரோட்டம் நின்றால் இந்தியாவில் பருவமழை குறையும் என்று தங்கராஜ் சொல்லும் இடம். அதோடு முடிந்தது. கீழே ராகவன் எழுதியிருந்தார். வரும் காலத்தில் மழை குறையப்போகிறது என்று நம் தங்கராஜ் சார் ஆதாரத்தோடு விளக்கிவிட்டார், ஆகவே நிலுவையில் இருக்கும் கால்வாய்த் தளத்தை இனியும் தள்ளிப்போட வேண்டாம், சம்மதம் உள்ளவர்கள் கட்டைவிரலைப் போடவும். மளமளவென்று கட்டைவிரல்கள் விழுந்தன. இடையிடையே தங்கராஜுக்கு வாழ்த்துகள். எங்கள் குடியிருப்பில் இப்படி ஓர் அறிஞர் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று ஒரு அம்மாள். என் பையனுக்குச் சாரிடம் டியூஷன் கிடைக்குமா என்று இன்னொருவர்.

தங்கராஜ் இதைப் பள்ளியில் இடைவேளையில் படித்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நான் அப்படிச் சொல்லவில்லையே என்றார். எழுதுங்கள் என்றேன். நீளமாக எழுத ஆரம்பித்தார். தென்மேற்கு வேறு, வடகிழக்கு வேறு என்று, அதுதான் வகுப்பில் முதல் பாடம் என்று. பாதி எழுதும்போது இன்னொரு வாழ்த்து வந்தது. அதைப் படித்தார். விரலை எடுத்தார். இத்தனை பேர் நல்லவிதமாகச் சொல்லும்போது முகத்தில் அடித்த மாதிரி எழுதினால் நன்றாயிருக்காது, ராகவனிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். எழுதியதை அழித்துவிட்டார்.

அன்று பள்ளி விட்டதும் நான் ஏதோ பேசத் தொடங்கினேன். வாடகைக்காரன் பேச்சு எங்கள் குழுவில் எடுபடாது, ஆனால் அவர் பேச்சு எடுபடும் என்று. அவர் வண்டியை எடுத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பொன்னம்மாள் பால் ஊற்ற வந்தபோது தங்கராஜின் வாசலில் நின்றுவிட்டாள். ராஜகுமாரியும் இருந்தார், நானும் படியில் இருந்தேன்.

"சார், மழையே வராதுன்னு நீ சொன்னியாமே. கால்வாய மூடப் போறாங்களாம். நெசமா?"

தங்கராஜ் அவளுக்கும் பாடம் நடத்தினார். அந்த மழை வேறு, இந்த மழை வேறு என்றார். அட்லான்டிக் என்றார். கால்வாயை மூடினால் தண்ணீர் அவள் பக்கம்தான் ஏறும் என்பதையும் சொன்னார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எனுக்கு இன்னாத்துக்கு சார் சொல்ற? அவங்களாண்ட சொல்லு. நான் சொன்னா மாட்டுக்காரின்னுவாங்கோ. நீ சொன்னா கேப்பாங்கோ. ஒனக்குதான் கை தட்டனாங்கோ."

சொல்கிறேன் என்றார். அவள் போனதும் ராஜகுமாரி கதவைச் சாத்தாமலே கேட்டார். "அன்னைக்கு அவ்வளவு பேசினீயளே, இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீய?"

அன்று சாயங்காலம் அவர் ராகவன் வீட்டுக்குப் போனார் என்பது உண்மைதான். போன விதத்தை அவரே என்னிடம் சொன்னார். ராகவன் சோபாவில் உட்காரவைத்து, மனைவி கையால் காபி கொடுத்து, வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமக்குத் தெரிந்தவர் இருப்பதாகவும் அங்கே இதே பேச்சுக்கு ஏற்பாடு செய்வதாகவும் சொல்லியிருக்கிறார். தங்கராஜ் மெதுவாகக் கால்வாய்ப் பேச்சை எடுத்திருக்கிறார். தளத்துக்கு அடியில் பெரிய பைப் ஒன்று போடுகிறோம் சார், தண்ணீர் அது பாட்டுக்குப் போகும் என்று ராகவன் சொல்லியிருக்கிறார். பைப் போதுமா என்று இவர் கேட்டாராம். நீங்களே மழை குறையும்னுதானே சொன்னீங்க என்று அவர் சிரித்தாராம். இவரும் சிரித்தாராம்.

"பைப் போடுறாங்க" என்று என்னிடம் சொன்னார், ஏதோ தாமே வாதாடி வாங்கிவந்த மாதிரி. எனக்கு ஓங்கி அறையலாம் போலிருந்தது.

ஆடி முடிவதற்குள் தளம் போட்டுவிட்டார்கள். அனுமதி என்ற சொல்லையே அங்கே யாரும் உச்சரிக்கவில்லை. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி முடிந்ததும் தங்கராஜுக்குச் சால்வை போர்த்தி, முதல் இடத்தை அவர் பெயருக்கு ஒதுக்கியதாக அறிவித்தார்கள். பெயின்டர் அப்போதே வந்து எழுதினான். தங்கராஜ் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எதற்கு, என்னிடம் கார் இல்லையே என்று ஒரே தடவை சொன்னார். வாங்குவீர்கள் சார் என்றார்கள். பொன்னம்மாள் அவளுடைய பக்கத்தில் நின்று, பைப்பின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய்க்குள் ஒரு ஆள் குனிந்துகூடப் போக முடியாது. கல்லூரிப் பேச்சு நடக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி தூறலோடு போயிற்று. பார்த்தீங்களா சார், ஒங்க வாக்கு பலிக்குது என்று ராகவன் லிஃப்டில் சொன்னார். தங்கராஜ் அப்போதும் சிரித்தார். கார்த்திகையில் கடலில் ஒரு தாழ்வுநிலை கிளம்பியது. முதல் நாள் மத்தியானம் பிடித்த மழை மறுநாள் காலையிலும் விடவில்லை. பள்ளிக்கு விடுமுறை. பொன்னம்மாள் முந்தின நாளே மகள் பிரசவத்துக்காகப் பூந்தமல்லி போயிருந்தாள். மாட்டைப் பார்த்துக்கொள்ள வரவேண்டிய மோகன், லோடு வண்டியோடு வானகரத்தில் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தான்.

பைப் எப்போது அடைத்தது என்று யாருக்கும் தெரியாது. மேட்டிலிருந்து வந்த தெர்மகோலும் பிளாஸ்டிக் பையும் ஆகாயத்தாமரையும் அதன் வாயில் பந்தாய்த் திரண்டு நின்றன. எங்கள் பக்கம் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர். தளத்துக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், ஏறிக்கொண்டே போயிற்று. மாடுகள் கத்துவது எங்கள் மாடிவரை கேட்டது. பால்கனிகளில் ஆட்கள் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது தங்கராஜின் போன் அடித்தது. பொன்னம்மாள்.

"சார், மாட்ட அவுத்து வுடு சார். அதுங்களே நீந்தி மேல ஏறிக்கும். அவுத்து மட்டும் வுடு."

அவர் சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் போனேன். தளத்தைத் தாண்டி இறங்கியதும் தண்ணீர் இடுப்பைப் பிடித்தது, கொட்டகை வாசலில் மார்புக்கு வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் உள்ளே போனார். வாசலருகே கன்று. அதன் கயிற்றை அறுத்தார், அது திமிறிக்கொண்டு என் பக்கம் வந்து மேடேறியது. மற்ற மூன்றும் உள்சுவரில், நைலான் கயிற்றில். நனைந்த நைலானில் அந்தக் கத்தி வழுக்கியது. தலையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்த மாடுகளால், கயிறு எட்டும் உயரம் வரைதான் நீட்ட முடிந்தது. அவர் தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கி முடிச்சைத் தேடினார். ஒன்று கால் வழுக்கிக் கயிற்றின் மேலேயே விழுந்தது. பிறகு சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு சத்தமே இல்லை. அவர் வெளியே வந்தபோது உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. கத்தி இன்னும் கையில் இருந்தது.

மறுநாள் லிஃப்ட் குழியில் தண்ணீர் புகுந்துவிட்டதென்று சங்கத்தார் பொக்லைன் வரவழைத்துத் தளத்தின் ஒரு மூலையை உடைத்தார்கள். லிஃப்டுக்காக உடைத்தார்கள். உடைத்ததும் பொன்னம்மாள் ஊட்டுத் தண்ணீர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடிந்தது. வயிறு ஊதிக் கிடந்த மூன்று மாடுகளும் வெளியே தெரிந்தன. அவள் அப்போதுதான் பூந்தமல்லியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்திருந்தாள். அழவில்லை. ஒவ்வொரு மாட்டின் கழுத்துக் கயிற்றையும் பொறுமையாக அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. வந்தவர்களுக்கெல்லாம் கோபம், அந்தக் கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மழை வராதென்று சார் சொன்னதை நம்பித்தானே தளம் போட்டோம் என்று ஒருவர் ஆரம்பித்தார். மே மாதம் டியூஷன் கேட்டவர், படித்தவர்களே இப்படிச் சொன்னால் யாரை நம்புவது என்றார். தங்கராஜ் கையில் கட்டோடு எழுந்து நின்றார். நான் நினைத்தேன், இப்போது சொல்லிவிடுவார் என்று. தாம் சொன்னது என்ன, வெட்டியது யார், மாடுகள் செத்தது எதனால் என்று.

அவர் வாய் திறப்பதற்குள் ராகவன் எழுந்துவிட்டார். சார் மேல் யாரும் கோபப்படக் கூடாது என்றார். விஞ்ஞானம் என்றாலே முன்னேபின்னே இருக்கும், பெரிய பெரிய விஞ்ஞானிகளே தவறுகிறார்கள், நம் சார் நல்ல எண்ணத்தில்தானே சொன்னார், நாம் அவரை மன்னித்துவிட வேண்டும் என்றார். எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. கைதட்டினார்கள். தங்கராஜ் நின்றபடியே சுற்றிப் பார்த்தார். அவர் சொல்லாத ஒன்றுக்காக அத்தனை பேரும் அவரை மன்னித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கூட்டத்திலேயே, உடைத்த மூலையைச் சரிசெய்வதென்றும் இந்தத் தடவை இரண்டு பைப் போடுவதென்றும் முடிவாயிற்று. பொன்னம்மாளுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பெயரை மறுபடியும் எழுதினார்கள். பழைய பெயின்ட் வெள்ளத்தில் கொஞ்சம் உரிந்திருந்ததாம்.

கொட்டகைச் சுவர் விழுந்துவிட்டதால் பொன்னம்மாளுக்குக் கன்றைக் கட்ட இடமில்லை. மார்கழியில் ஒருநாள் தங்கராஜிடம் வந்து கேட்டாள். ஒன் எடம் சும்மாதானே கீது சார், கன்னுக்குட்டியக் கட்டிக்கட்டுமா என்று. அவர் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாகச் சரியென்று சொல்லி நான் பார்த்ததில்லை. பக்கத்துச் சுவரில் அவரே ஒரு வளையம் அடித்துக்கொடுத்தார். பள்ளிவிட்டு வந்ததும் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நிற்பார், கழுத்தைத் தடவிக்கொடுப்பார். அந்த நாட்களில் அவர் முகம் தெளிந்திருந்தது. மாட்டுப் பொங்கலன்று குடியிருப்பே கீழே இறங்கி வந்தது. கன்றுக்கு மாலை போட்டார்கள், கொம்பு இன்னும் சரியாக முளைக்காத தலையில் குங்குமம் வைத்தார்கள், ஆளுக்கொரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் குழுவில் சாணி நாற்றம் பற்றி ஒரு புகார் வந்தது. பிறகு கொசு. பிறகு ஒருவர் காரின் கதவில் கன்று உரசிய கீறலின் படம். ராகவன் தங்கராஜைத் தனியாகக் கூப்பிட்டு, இடம் உங்கள் பெயரில் இருக்கிறது, நீங்களே அவர்களிடம் சொல்லிவிட்டால் மனஸ்தாபம் இருக்காது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பால்கனிகளில் காபி டம்ளர்களோடு ஆட்கள். நான் கீழே தண்ணீர் கேன் எடுக்க வந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். பொன்னம்மாள் பக்கெட்டில் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். தங்கராஜ் அவளெதிரே வந்து நின்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கெட்டை நகர்த்தி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவர் குனிந்து வளையத்திலிருந்து கயிற்றைத் தாமே அவிழ்த்தார். அன்று தண்ணீருக்குள் தேடியும் கிடைக்காத முடிச்சு, இன்று ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

"சார், வர்ற ஐப்பசில மழ வருமா?" என்றாள்.

"வரும் பொன்னம்மா." அவளுக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற குரல். "கொட்டும். இத இப்படியே வச்சிருந்தா தண்ணி மறுபடியும் ஒங்க வீட்டுக்குத்தான் வரும்."

"எனுக்குத் தெரியும் சார்," என்றாள். "அவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

தங்கராஜ் நிமிர்ந்து மேலே பார்த்தார். எல்லாப் பால்கனியிலும் ஆட்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. அவர் இருமினால்கூட எல்லாருக்கும் கேட்டிருக்கும். முதல் மாடியிலிருந்து ராகவன், நன்றி என்பதுபோலச் சிரித்து, டம்ளர் பிடித்த கையை உயர்த்தினார்.

தங்கராஜ் கயிற்றைப் பொன்னம்மாள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ராகவனைப் பார்த்துத் தாமும் கையை உயர்த்தினார்.